சுத்தியல் விழும் முன்: ஓவியத்தின் விலையும் நம் உரிமையும்

2025 மார்ச் 19 அன்று நியூயார்க்கில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம யாத்திரை’ 1.375 கோடி டாலருக்கு விலைபோனது. நம் கணக்கில் சுமார் 118 கோடி ரூபாய். ஏலத்துக்கு முன் அச்சான கேட்லாகில் அந்தப் படத்துக்குப் போட்டிருந்த மதிப்பீடு 25 முதல் 35 லட்சம் டாலர்தான். 1954இல் ஒரு நார்வே மருத்துவர் இந்தியாவில் வாங்கிக்கொண்டு போன படம் அது. கிட்டத்தட்ட பதினான்கு அடி நீளம், பதின்மூன்று கிராமக் காட்சிகள். மருத்துவர் அதை ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்கு விட்டுச்சென்றார். பல பத்தாண்டுகள் அது மருத்துவமனைச் சுவரில் மாட்டியிருந்தது; இந்தியாவில் அதைப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

அந்த எழுபது ஆண்டுகளில் படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. விலையை ஏற்றிய எல்லாமே படத்துக்கு வெளியே நடந்தவை: கேலரிகள் நடத்திய கண்காட்சிகள், எழுதப்பட்ட புத்தகங்கள், முந்தைய ஏலங்களின் எண்கள், பெரிய சேகரிப்பாளர்களின் போட்டி. இந்த வேலைகளைச் செய்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அவர்களுக்கு விதிகள் எல்லாம் தெரியும். படத்தை வரைந்தவருக்கும், அவருடைய பிள்ளைகளுக்கும், சேமிப்பை எடுத்து முதல்முறையாக ஓர் ஓவியம் வாங்குபவருக்கும் பெரும்பாலும் தெரியாது. சட்டம் இந்த மூவருக்கும் சில பிடிகளைக் கொடுத்திருக்கிறது. அவை பயன்படாமல் கிடக்கின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

கேலரி என்ன செய்கிறது?

ஓவியரின் ஸ்டுடியோவிலிருந்து படம் முதன்முதலில் விற்பனைக்குப் போவது வழக்கமாகக் கேலரி வழியாக. விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கேலரி கமிஷனாக எடுத்துக்கொள்வது சாதாரணம். அதிகமாகத் தோன்றலாம். ஆனால் நல்ல கேலரி அந்தப் பணத்துக்கு உழைக்கிறது. வாடகை, விளக்கு, கேட்லாக், விமர்சகர்களை அழைப்பது, கலைச் சந்தைகளில் கடை எடுப்பது, அருங்காட்சியகக் காப்பாளர்களைக் கூட்டிவந்து காட்டுவது என்று செலவு நிறைய. மும்பையில் 1963இல் தொடங்கிய கெமோல்ட், பண்டோல் கேலரிகள் ஹுசைன், கைதொண்டே போன்றவர்களின் படங்களை வாங்க ஆளில்லாத காலத்தில் மாட்டிக் காட்டின. அந்தப் பொறுமைக்கு மரியாதை செய்தே ஆக வேண்டும்.

சென்னையில் நிலைமை வேறு. இங்கே சந்தையே இல்லாதிருந்த 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். பாத்திக் துணி, கைவினைப் பொருட்கள் விற்று வந்த காசில் கடற்கரையோரம் நிலம் வாங்கி, வீடு கட்டி, தங்கள் படங்களைத் தாங்களே காட்சிக்கு வைத்தார்கள். கேலரிக்காகக் காத்திருக்காமல் ஓவியர்களே கேலரியாக மாறிய அந்தத் துணிச்சலுக்கு இணையாக இந்தியாவில் அதிகம் சொல்ல முடியாது. ஆனால் விலையைக் கட்டும் தொழில் மும்பையிலும் தில்லியிலும் நடந்தது. ஏலச் செய்திகளில் மும்பை முற்போக்குக் குழுவினர் பெயர் வருமளவுக்கு மெட்ராஸ் கலை இயக்கத்தார் பெயர் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். படங்களின் தரத்தில் குறையில்லை. சந்தானராஜின் கோடுகளையோ கே. ராமானுஜத்தின் கனவு நகரங்களையோ ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

விலையைக் கேலரி எப்படி நிர்ணயிக்கிறது? இளம் ஓவியர் என்றால் பெரும்பாலும் அளவுக் கணக்கு. சதுர அங்குலத்துக்கு இவ்வளவு, ஒவ்வொரு கண்காட்சிக்கும் கொஞ்சம் ஏற்றம். பட்டியல் விலையைக் குறைக்கவே மாட்டார்கள்; தள்ளுபடியைக் காதோடு சொல்வார்கள். யாருக்கு விற்பது என்பதிலும் தேர்வு உண்டு. நாளைக்கே ஏலத்துக்குக் கொண்டுபோகிறவரைவிட, பத்து வருஷம் சுவரில் வைத்திருப்பவருக்கே முதலிடம். ஓர் ஓவியரின் படங்களை மொத்தமாக வாங்கிக் கிடங்கில் வைத்திருக்கும் கேலரியே அவரைப் பற்றிய புத்தகத்தையும் வெளியிடும். அவருடைய படம் ஏலத்துக்கு வந்தால் விலை விழாமலிருக்கக் கைதூக்கவும் செய்யும். இதெல்லாம் சட்டவிரோதம் அல்ல. ஆனால் அந்தப் புத்தகத்தை நம்பிப் பணம் போடுகிறவருக்கு, அதை எழுதவைத்தவரிடம் எத்தனை படம் இருப்பில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏல எண்ணைப் பிரித்துப் பார்த்தால்

கேலரியில் நடக்கும் விற்பனை வெளியே தெரியாது. ஏலத்தின் விலை பத்திரிகையில் வரும். அந்த ஒரு வித்தியாசம்தான் ஏலக் கூடத்தின் பலம். காப்பீடு, பாகப்பிரிவினை, அடுத்த விற்பனை எல்லாம் அந்த எண்ணையே பிடித்துக்கொள்ளும்.

இந்திய நவீன ஓவியத்துக்கு இப்படி ஒரு பொது எண் உருவானது வெளிநாட்டில்தான். அமெரிக்கத் தம்பதி செஸ்டர், டேவிடா ஹெர்விட்ஸ் சேர்த்துவைத்திருந்த இந்திய ஓவியங்களை 1995 முதல் சதபீஸ் நியூயார்க்கில் ஏலம் விட்டது. 2002இல் தையப் மேத்தாவின் ‘செலிப்ரேஷன்’ 3,17,500 டாலருக்குப் போனது. 2005இல் அவருடைய ‘மகிஷாசுரன்’ பத்து லட்சம் டாலரைத் தாண்டி 15.8 லட்சத்தைத் தொட்டது. 2000இல் மும்பையில் தொடங்கிய சாஃப்ரன்ஆர்ட் இணையம் வழியாக ஏலத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்தது. கைதொண்டே 2001இல் இறந்தபோது அவர் பெயர் தெரிந்தவர்கள் ஒரு சிறு வட்டம். 2013 டிசம்பரில் கிறிஸ்டீஸ் மும்பையில் நடத்திய முதல் ஏலத்தில் அவர் படம் 23.7 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு நியூயார்க் குகென்ஹைம் அருங்காட்சியகத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி. 2025 செப்டம்பரில் அவருடைய இன்னொரு படம் 67 கோடி. ஏலம், அருங்காட்சியகம், மறுபடி ஏலம். ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு மேலே போகின்றன.

இந்த எண்களைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஏலதாரரின் சுத்தியல் விழும் விலை வேறு, செய்தியில் வரும் விலை வேறு. கணக்குக்காகச் சுத்தியல் விலை 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் வாங்குபவர் பிரீமியம் என்று 20 சதவீதம் போட்டால் 12 லட்சம். ஜிஎஸ்டி தனி. விற்றவரிடமும் 10 சதவீதம் கமிஷன் பிடித்தால் அவர் கைக்கு வருவது 9 லட்சம். பத்திரிகையில் ‘12 லட்சத்துக்கு விலைபோனது’ என்று வரும். ஆனால் கேட்லாகில் இருக்கும் மதிப்பீடு பிரீமியம் சேராத தொகை. அதனால்தான் மதிப்பீட்டுக்குள்ளேயே விற்ற படம்கூட மதிப்பீட்டை மீறியதுபோலத் தெரிகிறது. உங்கள் வீட்டுப் படத்தை விற்கப் போகும்போது செய்தியில் பார்த்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் நிச்சயம்.

அடுத்தது ரிசர்வ். இந்தத் தொகைக்குக் கீழே விற்க மாட்டேன் என்று விற்பவரும் ஏலக் கூடமும் ரகசியமாக வைத்துக்கொள்ளும் விலை இது. வழக்கமாகக் குறைந்த மதிப்பீட்டுக்கு மேல் போகாது. அந்த ரிசர்வ் எட்டும்வரை விற்பவர் சார்பில் ஏலதாரரே கேட்பு எழுப்பலாம் என்று பல ஏலக் கூடங்களின் விதிகளில் இருக்கிறது. அரங்கில் எதிரே போட்டிக்கு நிற்பவர் உண்மையான வாங்குபவர்தானா என்று உங்களுக்குத் தெரியாது. இந்த இடத்தில் நம் பழைய சட்டம் ஒன்று துணைக்கு வருகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64ஆம் பிரிவு. விற்பவர் தானே கேட்கும் உரிமையை வெளிப்படையாக அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காமல் அவரோ அவருடைய ஆளோ கேட்டால் அந்த விற்பனையை மோசடியாகக் கருத வாங்கியவருக்கு உரிமை உண்டு. விலையை ஏற்றுவதற்காகப் பொய்க் கேட்பு நடந்திருந்தால் வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்யலாம். விதிகள் அடங்கிய தாளைப் பொடி எழுத்து என்று தள்ளிவிடாமல், இந்த அறிவிப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பெரிய பெயர்களே விதியை மீறிய வரலாறும் உண்டு. கிறிஸ்டீஸும் சதபீஸும் 1990களில் கமிஷன் விகிதத்தைத் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது வெளியே வந்து, இரண்டும் சேர்ந்து 51.2 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டன. சதபீஸின் தலைவராக இருந்த ஆல்ஃப்ரட் டாப்மன் சிறைக்கே போனார்.

விற்காமல் போகும் படத்தையும் மறந்துவிடக் கூடாது. ஏலத்தில் ரிசர்வைத் தொடாமல் திரும்பிய படத்துக்குச் சில ஆண்டுகள் அந்தக் கறை ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு ஏலத்துக்கு விட்டுப் படத்தின் பெயரைக் கெடுத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. குறைந்த மதிப்பீட்டை அடக்கமாக வைக்க ஏலக் கூடம் யோசனை சொன்னால் அதில் பல நேரம் நியாயம் இருக்கிறது.

பத்து சதவீதம் வரை என்று ஒரு சட்டம்

தையப் மேத்தாவின் படம் கோடிகளைத் தொட்டபோது அவர் உயிரோடு இருந்தார். ஆனாலும் மறுவிற்பனையில் பணம் போவது கடைசியாகச் சொந்தம் வைத்திருந்தவருக்கு. ஓவியர் ஆரம்பத்தில் சில ஆயிரத்துக்கு விற்றிருப்பார். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது என்பதுதான் சந்தையின் வழக்கம்.

இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தில் சேர்த்த 53ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓவியம், சிற்பம், கோட்டோவியம் ஆகியவற்றின் மூலப்படி 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அதைப் படைத்தவருக்கும் அவர் இறந்த பின் சட்டப்படியான வாரிசுகளுக்கும் அந்த விலையில் பங்கு கேட்கும் உரிமை உண்டு. உச்ச வரம்பு 10 சதவீதம். காப்புரிமைக் காலம் முடியும்வரை, அதாவது படைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை இது நீடிக்கும். காப்புரிமையையே எழுதிக் கொடுத்திருந்தாலும் இந்த உரிமை போகாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. பிரான்சில் இதுபோன்ற சட்டம் 1920இல் வந்தது. பிரிட்டனில் 2006இல் வந்தது. அங்கே பங்கை வசூலித்து ஓவியர்களுக்குக் கொடுக்க அமைப்புகள் இயங்குகின்றன.

நம் நாட்டில் உரிமை இருக்கிறது, அதை வசூலிக்கும் வழி இல்லை. எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும் பொறுப்பு முதலில் காப்புரிமை வாரியத்திடம் இருந்தது. பிறகு அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனது. 2021இல் அதையும் கலைத்துவிட்டதால் இப்போது நீதிமன்றத்தின் கையில். படத்தை விற்றவர் ஓவியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓவியர் தானே கண்டுபிடித்து, தானே வக்கீல் வைத்து, தானே கேட்க வேண்டும். கேட்டால் அடுத்த கண்காட்சியில் கேலரி தன்னை ஒதுக்கிவிடுமோ என்ற பயம் வேறு. தனி ஆளாகக் கேட்பது கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓவியர் சங்கங்களும் வாரிசுகளும் சேர்ந்து கேட்கலாம். ஏலக் கூடங்கள் தங்கள் முடிவுகளை இணையத்தில் வெளியிடுகின்றன. எந்தப் படம், எந்தத் தேதி, எவ்வளவு என்ற சான்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. விற்பனை இந்தியாவில் நடந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். நியூயார்க்கில் சுத்தியல் விழுந்தால் நம் 53ஏ அங்கே எட்டாது. அமெரிக்காவில் நாடு முழுதுக்குமான இப்படியொரு சட்டம் இல்லை.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மறுவிற்பனைப் பங்கு கேட்க வேண்டுமானால் ஓவியரே காப்புரிமையின் முதல் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும். ஓட்டலோ நிறுவனமோ காசு கொடுத்து ‘எங்களுக்கு இப்படி ஒரு படம் வரைந்து தாருங்கள்’ என்று கேட்டு வரைந்தது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமையாளர் கேட்டவரே என்கிறது 17ஆம் பிரிவு. அப்படியானால் காப்புரிமையும் போயிற்று, மறுவிற்பனைப் பங்கும் போயிற்று. ‘காப்புரிமை ஓவியருக்கே’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் இரண்டும் நிற்கும். முன்பணம் வாங்கும் அன்றே அந்த வரியை எழுதிவிடுங்கள்.

கேட்டு வரையாத படத்தில் கதை நேர்மாறு. கான்வாஸை விற்றதால் காப்புரிமை கூடவே போய்விடாது. வாங்கியவர் சுவரில் மாட்டலாம், விற்கலாம். காலண்டரிலும் புடவையிலும் அச்சடிக்க ஓவியரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். அனுமதிப் பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று சட்டமே எல்லை போடுகிறது.

படைப்பைச் சிதைத்தால் கேட்கும் உரிமையும் ஓவியரிடமே இருக்கிறது. தில்லி விஞ்ஞான் பவனுக்காக அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அதிகாரிகள் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். துண்டுகள் உடைந்தன, சில காணாமல் போயின. சேகல் வழக்குப் போட்டார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. சிற்பத்தின் உரிமையாளர் இந்திய அரசு. இருந்தும் சிற்பி ஜெயித்தார். உங்கள் சுவரோவியத்தின் மேல் யாராவது வெள்ளையடித்தால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

கேலரியிடம் படம் கொடுக்கும்போது நம்பிக்கையின் பேரில் வாய்ச்சொல்லோடு விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். விற்கும்வரை படம் ஓவியருடையது. கேலரி வெறும் பொறுப்பாளர். இதை நிரூபிக்கத் தாள் வேண்டும். படத்தின் புகைப்படம், அளவு, ஒப்படைத்த தேதி, எத்தனை மாதத்துக்கு, கமிஷன் எவ்வளவு, தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கிலிருந்து, ஃப்ரேம், போக்குவரத்து, காப்பீட்டுச் செலவு யாருடையது, விற்ற எத்தனை நாளில் பணம். இவற்றோடு வாங்கியவர் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். கேலரி தயங்கும். ஆனால் அந்தப் பெயர் இல்லாவிட்டால் நாளைக்கு மறுவிற்பனைப் பங்கு கேட்கவும் முடியாது, போலி வந்தால் மறுக்கவும் முடியாது.

படத்தின் முதுகைப் பாருங்கள்

வாங்குபவருக்கு முதல் அபாயம் போலி. 2009இல் தில்லியில் தன்னுடைய ஆரம்பகாலப் படங்களின் கண்காட்சியைத் திறந்துவைக்க வந்த எஸ்.எச். ரஸா, சுவரில் இருந்தவை தன் படங்களே இல்லை என்று கண்டார். வரைந்தவர் உயிரோடு இருக்கும்போதே இந்த நிலை. 2011இல் கொல்கத்தா அரசுக் கலைக் கல்லூரியில் ரவீந்திரநாத் தாகூர் பெயரில் காட்டப்பட்ட இருபது படங்களைத் தொல்லியல் துறையின் நிபுணர் குழு போலி என்றது. ஜாமினி ராய் விஷயம் இன்னும் சிக்கல். அவருடைய பட்டறையில் குடும்பத்தாரும் வேலை செய்தார்கள். கையெழுத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நவீன ஓவியத்துக்கு முத்திரை குத்திச் சான்று தரும் அரசு அலுவலகம் நம் நாட்டில் கிடையாது. கேலரி தரும் சான்றிதழ் அந்தக் கேலரியின் வாக்கு மட்டுமே. ஆகவே படத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். பழைய கேலரி லேபிள், கண்காட்சி எண், ஃப்ரேம் மரத்தில் ஏறிய காலத்தின் நிறம், ஆணி துருப்பிடித்த விதம், ஓவியரின் கையால் எழுதிய தலைப்பும் ஆண்டும் எல்லாம் அங்கே இருக்கும். கான்வாஸ் பழசு, ஆணி புதுசு என்றால் ஏன் என்று கேளுங்கள். பிறகு கைமாறிய வரலாறு. வீட்டு மனைக்குத் தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு பத்திரமாகப் பார்ப்பதுபோல, ஸ்டுடியோவிலிருந்து உங்கள் கைவரை யார் யாரிடம் இருந்தது என்று சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். ‘ஒரு தனியார் சேகரிப்பிலிருந்து’ என்ற ஒற்றை வரி போதாது.

தாள் இருந்தாலே நிஜம் என்றும் இல்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கேலரி நடத்திய சுபாஷ் கபூர். தொல்பொருள் சட்டம் வந்த 1972க்கு முன்பே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று காட்ட அவரிடம் தாள்கள் இருந்தன. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994இல் எடுத்த புகைப்படத்தில் அதே நடராஜர் அதே கோயிலில் இருந்தார். 2014இல் சிலை திரும்பி வந்தது. 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. பெரிய அருங்காட்சியகம், பெரிய விலை, பளபளக்கும் கேட்லாக் எல்லாம் ஒரு புகைப்படத்தின் முன் நிற்கவில்லை.

அந்தத் தொல்பொருள் சட்டம் நம் வீடுகளையும் தொடுகிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட உலோகச் சிலை, மரச் சிற்பம், தஞ்சாவூர் ஓவியம் பூஜையறையில் இருந்தால் அது தொல்பொருள். தொல்லியல் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். உள்நாட்டில் விற்கலாம், ஆனால் அதையே வியாபாரமாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு அனுமதியே இல்லை. ரவி வர்மா, அம்ரிதா ஷெர்கில், தாகூர் குடும்பத்தினர் மூவர், நந்தலால் போஸ், ஜாமினி ராய் உட்பட ஒன்பது ஓவியர்களின் படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வம் என்று அரசு வைத்திருக்கிறது. அவையும் நாட்டை விட்டுப் போகக் கூடாது. 2023இல் ஷெர்கிலின் படம் 61.8 கோடிக்குப் போனது, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது என்ற இந்தக் கட்டுப்பாட்டோடுதான். ரவி வர்மா பெயர் சொல்லி விற்கப்படுவதில் பெரும்பகுதி அவருடைய அச்சகத்தில் அடித்த வண்ண அச்சுப் படங்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றுக்கும் மதிப்பு உண்டு. ஓவியத்தின் விலை கிடையாது.

ஏலத்தில் வாங்கினால் உண்மைத்தன்மைக்கான உத்தரவாதம் எத்தனை காலம் என்று பாருங்கள். கிறிஸ்டீஸ், சதபீஸ் போன்றவை ஐந்தாண்டு தருகின்றன. அதுவும் கேட்லாகில் ஓவியர் பெயரை எந்த அடைமொழியும் சேர்க்காமல் போட்டிருந்தால்தான். ‘இவருடையது எனக் கருதப்படுகிறது’, ‘இவர் பாணியில்’ என்று இருந்தால் உத்தரவாதம் இல்லை. இன்வாய்ஸிலும் அப்படியே: ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, படத்தின் புகைப்படம் எல்லாம் வர வேண்டும். வர்ணனையை நம்பி வாங்கிய பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்பது சட்டம். அது தாளில் இருந்தால்தான் கேட்க முடியும். ரசீது இல்லாமல் ரொக்கத்துக்குக் குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விற்பவர் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதே வருமான வரிச் சட்டப்படி தவறு. நாளைக்கு லாபத்துக்கு விற்றால் மூலதன ஆதாய வரியும் உண்டு, அப்போது வாங்கிய விலைக்கு ஆதாரம் தேவைப்படும்.

ஓவியத்தில் முதலீடு

‘வருஷத்துக்கு இத்தனை சதவீதம்’ என்று ஓவிய முதலீட்டை விற்கிறவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2006இல் சந்தை உச்சத்தில் இருந்தபோது ஓசியான்ஸ் ஆர்ட் ஃபண்ட் நூறு கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. 2008இல் உலகச் சந்தை சரிந்தது. 2009இல் முதலீட்டாளர்களுக்குக் குறித்த நேரத்தில் பணம் திரும்பவில்லை. இத்தகைய ஃபண்டுகள் கூட்டு முதலீட்டுத் திட்டங்கள், பதிவு அவசியம் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2008லேயே எச்சரித்திருந்தது. 2013இல் இந்த ஃபண்டுக்கு எதிராக உத்தரவும் போட்டது. ஓர் ஓவியத்தைப் பங்குகளாகப் பிரித்து விற்கும் திட்டம் எந்தப் புதுப்பெயரில் வந்தாலும் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

எங்கே போவது?

வீட்டுச் சுவருக்கு வாங்கிய படம் போலி என்று தெரிந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். 1915 என்ற எண்ணில் வழிகாட்டுவார்கள். மறுவிற்பனை லாபத்துக்காக வாங்கியவரை நுகர்வோராகக் கருத முடியாது என்று எதிர்த்தரப்பு வாதாடும். அவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றம்தான். தெரிந்தே போலியை விற்றிருந்தால் காவல் துறையில் மோசடிப் புகார். சிலை, தொல்பொருள் என்றால் தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு. ஃபண்டு என்றால் செபியின் ஸ்கோர்ஸ் புகார்த் தளம். கேலரி பணம் தரவில்லை, படத்தைத் திருப்பவில்லை என்றால் முதலில் வக்கீல் நோட்டீஸ். பணம் வசூலிக்கும் வழக்குக்கு மூன்றாண்டுதான் கெடு. ‘அடுத்த மாதம் தருகிறேன்’ என்ற பேச்சிலேயே அந்த மூன்றாண்டு ஓடிவிடுகிறது; ஆகவே பாக்கித் தொகையை எழுத்தில் ஒப்புக்கொள்ள வையுங்கள்.

கடைசியாக, மறைந்த ஓவியர்களின் குடும்பங்களுக்கு. சென்னைக் கலைக் கல்லூரியில் படித்த, கற்பித்த ஒரு தலைமுறை ஓவியர்களின் படங்கள் இன்று பிள்ளைகளின் பரண்களில் இருக்கின்றன. இடம் அடைக்கிறது, கரையான் வருகிறது என்று மொத்தமாக ஒரு விலை பேசி வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் முன்பக்கம், முதுகுப் பக்கம், கையெழுத்து என மூன்று புகைப்படம் எடுங்கள். அளவும் ஊடகமும் எழுதுங்கள். பழைய அழைப்பிதழ், கேட்லாக், கேலரியிலிருந்து வந்த கடிதம், செலான் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வாரிசுச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இருவரிடம் விலை கேளுங்கள். விற்கும்போது காப்புரிமை குடும்பத்திடமே இருக்கிறது என்று விற்பனைத் தாளில் எழுதுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர் பெயரை ஏல முடிவுகளில் தேடிப் பாருங்கள். 10,000 ரூபாய்க்கு மேல் இந்தியாவில் மறுவிற்பனையாகியிருந்தால், 53ஏ பிரிவைக் குறிப்பிட்டு ஏலக் கூடத்துக்கும் விற்றவருக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்.